கேளுங்க, சொல்றேன்: பாட்டில்ல செஞ்ச ஃபில்டரும் கருப்பா வந்த தண்ணியும்

கேள்வி: வணக்கம் சார். என் மக ஆண்டு 5 படிக்கிறா. அறிவியல் ப்ராஜெக்ட்டுக்கு தண்ணி ஃபில்டர் செஞ்சிட்டு வரச் சொல்லிட்டாங்க. வீடியோ பாத்து 1.5 லிட்டர் பாட்டில வெட்டி, பஞ்சு, கரி, மணல், கல்லுன்னு அடுக்கி சேத்துத் தண்ணிய ஊத்தினோம். ஊத்தினத விட கருப்பா வருது சார்! வீடியோல மட்டும் கண்ணாடி மாதிரி வருது. எங்க தப்பு பண்ணோம்? கூழாங்கல்லு மேல வரணுமா கீழ வரணுமா, ஒவ்வொரு வீடியோலயும் ஒவ்வொரு மாதிரி காட்டுறாங்க. செலவும் ரொம்ப ஆகக்கூடாது. (ஒரு அம்மா, ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: கவலப்படாதீங்க தங்கச்சி, உங்க ஃபில்டர் ஒண்ணும் கெட்டுப் போகல, நீங்க கரிய கழுவாம போட்டிருக்கீங்க, அவ்ளோதான். நான் ஸ்கூல் லேப்ல வேலைக்குச் சேந்த புதுசுல இதே காரியத்த ஒரு வகுப்பு முழுக்க உக்காந்து பாக்குறப்ப பண்ணேன், தண்ணி மை மாதிரி சொட்டுது, பின்னாடி பெஞ்சுல இருந்து ஒருத்தன் "சார், இது கிச்சாப்பா (சோயா சாஸா)?"ன்னு கேக்குறான், டீச்சரே சிரிச்சுட்டாங்க. அன்னைலருந்து மணலா இருந்தாலும் கரியா இருந்தாலும் கழுவாம நான் பாட்டில் பக்கமே கொண்டு போறதில்ல.

கழுவுறதுன்னா சும்மா ஒரு தடவ அலசுறது இல்ல. மணல ஒரு வாளில போட்டு தண்ணி விட்டு கையால கலக்கி மேல நிக்கிற கலங்கல ஊத்திடணும், திரும்ப விடணும், திரும்ப கலக்கணும், கலக்கினப்புறமும் தண்ணி தெளிவா நிக்கிற வரைக்கும். ஹார்ட்வேர் கடை மணலுக்கு எட்டு பத்து தடவ ஆகும், அதுல களிமண் அவ்ளோ இருக்கும். மீன் தொட்டிக்கு விக்கிற மணலுக்கு நாலஞ்சு தடவ போதும், ஆனா காசு கொஞ்சம் கூட. பத்து ஃபெரிங்கி பீச்சுல சும்மா கெடக்குதேன்னு அள்ளிட்டு வந்துடாதீங்க, உப்பும் சிப்பித் தூளும் கலந்தது, அதக் கழுவியே உங்க வீட்டு தண்ணி பில்லு ஏறிடும்.

கரி விஷயத்துல வீடியோக்காரங்க பாதிப் பேரு ஏமாத்துறாங்க. பார்பிக்யூ கரி உருண்டையில கரித்தூள ஒட்ட வைக்க மாவு மாதிரி பசை எல்லாம் சேத்திருப்பாங்க, அது வேணாம். சாதா அடுப்புக் கரிய பொடிச்சுப் போட்டா ஓரளவுக்கு வேலை செய்யும். நல்லா செய்யணும்னா மீன் தொட்டி கடையில ஆக்டிவேட்டட் கார்பன்னு கேளுங்க, சின்ன பாக்கெட் போதும். தேங்கா சிரட்டைய எரிச்சு, அப்புறம் நீராவி விட்டு ரொம்ப சூட்டுல இன்னொரு தடவ சுட்டு எடுக்குறதுதான் அதுல நெறைய. அப்படிச் சுடுறப்ப கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல விழுந்துடும். ஒரே ஒரு கிராம் கரிய விரிச்சுப் போட முடிஞ்சா உள்பரப்பு 500-லருந்து 1,500 சதுர மீட்டர் வரைக்கும் வரும். மகளுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, ஒரு பேட்மிண்டன் கோர்ட் கிட்டத்தட்ட 82 சதுர மீட்டர், அப்ப ஒரு கிராம் கரிக்குள்ள ஆறுலருந்து பதினெட்டு கோர்ட் வரைக்கும் மடிச்சு வெச்சிருக்கு. ப்ராஜெக்ட்ட போட்டிக்கு வெச்சா ஜட்ஜ் கிட்ட இத சொல்லச் சொல்லுங்க, கண்டிப்பா நிமிந்து பாப்பாரு.

இப்ப அடுக்குற வரிசை. பாட்டிலோட அடிப்பாகத்த வெட்டிட்டு (வெட்டுறது நீங்க, மக இல்ல, அந்த விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், மேல டேப் ஒட்டிடுங்க) தலகீழா கவுத்து, வாய்ல மெல்லிசு துணிய ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுங்க. உள்ள முதல்ல மீன் தொட்டி ஃபில்டர் பஞ்சு. வீட்டுப் பஞ்சு நனைஞ்சா கட்டியாகி தண்ணி போற வழிய அடைச்சுக்கும். அதுக்கு மேல கரி ரெண்டு மூணு விரக்கட, அது மேல ஒரு துணி, அப்புறம் நைஸ் மணல் நாலு விரக்கட, அப்புறம் கொரகொர மணல், எல்லாத்துக்கும் மேல பட்டாணி சைஸ் கூழாங்கல்லு. கல்லு மேல இருந்தா இலை குச்சியெல்லாம் அங்கயே நின்னுடும், நீங்க ஊத்துற வேகத்துல மணல் குழியும் விழாது. கரி ஏன் மணலுக்குக் கீழன்னா, மேல வெச்சா சேறு போய் அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிடும், வாங்குன காசு தண்டம்.

அப்ப கல்ல அடியில காட்டுற வீடியோ தப்பான்னா, தப்பில்ல. நெஜ சுத்திகரிப்பு நிலையத்துல கல்லு அடியிலதான் இருக்கு, மணல் தண்ணியோட சேந்து குழாய்க்குள்ள இறங்கிடாம தாங்குறதுக்கு. நம்ம பாட்டில்ல அந்த வேலைய பஞ்சும் துணியும் பாத்துக்குது. ரெண்டு வரிசையும் சரி, ஆனா மக எத வெச்சாளோ அது ஏன்னு அவளுக்கு சொல்லத் தெரியணும்.

சேத்துத் தண்ணிக்காக லோங்காங்குல (சாக்கடையில) போய் மொள்ளாதீங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணியில கை வெச்சா எலிக்காய்ச்சல் வரலாம், இங்க அடிக்கடி பாக்குறதுதான். ஒரு லிட்டர் குழாய் தண்ணியில ஒரு மேசைக்கரண்டி தோட்டத்து மண்ணு கலக்குங்க, போதும். இன்னொரு லாபம், ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு அழுக்கு கிடைக்கும், அப்பத்தான் ஒண்ண இன்னொண்ணோட ஒப்பிட முடியும். முதல் ரெண்டு மூணு பாட்டில் தண்ணிய வெறும் நல்ல தண்ணியா ஊத்தி வெளிய விட்டுடுங்க, மிச்சம் மீதி கரித்தூள் எல்லாம் போயிடும், அதுக்கப்புறம்தான் சேத்துத் தண்ணி.

அப்பவும் லேசா கலங்கலா வந்தா லிட்டில் இந்தியா பக்கம் போறப்ப மளிகைக் கடையில படிகாரம் வாங்கிக்குங்க, முடி வெட்டுற கடையில சவரம் பண்ணி முடிச்சு தேய்ப்பாங்களே அதே கல்லுதான், மலாய்ல தாவாஸ். ஒரு லிட்டர் சேத்துத் தண்ணிக்கு ஒரு சிட்டிகை பொடி, ஒரு நிமிஷம் வேகமா கலக்கி அஞ்சு நிமிஷம் மெதுவா கலக்கி அரை மணி நேரம் அசைக்காம வெச்சுடுங்க. களிமண் துகள் எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மின்னேற்றம் இருக்கறதால ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதந்துக்கிட்டே கிடக்கும், படிகாரத்துல இருக்குற அலுமினியம் அந்தச் சண்டைய தீத்து வைக்குது, எல்லாம் ஒட்டி பூ மாதிரி திரண்டு அடியில உக்காந்துடும். நம்ம வீட்டுக் குழாய் தண்ணியும் இப்படித்தான் ஆரம்பிக்குது. பினாங்குல குடிக்கிற தண்ணியில பெரும்பங்கு கெடா எல்லையில ஓடுற சுங்கை மூடா ஆத்துத் தண்ணி, சுங்கை டுவாவுல சுத்தம் பண்ணி கடலுக்கு அடியில போட்ட குழாய்ல தீவுக்கு வருது. அங்கயும் முதல்ல திரள வைக்கிறது, அப்புறம் அடியில படிய விடுறது, அப்புறம் மணல், கடைசில குளோரின். அந்தக் கடைசி ஒண்ணு உங்க பாட்டில்ல கெடையாது. ஜட்ஜ் முன்னாடி "பாருங்க சார்"னு ஒரு மடக்கு குடிச்சுக் காட்டுற வேலை மட்டும் வேணவே வேணாம்னு மககிட்ட இப்பவே சொல்லி வெச்சுடுங்க. ஒரு போட்டியில ஒரு பையன் அப்படி கிளாஸ தூக்குனான், நான்தான் ஓடிப்போய் புடுங்குனேன்.

செலவு? பாட்டில் சும்மா, துணி பழசு, கல்லு மணல் கரி படிகாரம் எல்லாம் சேத்து பதினஞ்சு இருபது வெள்ளிக்குள்ள (ரிங்கிட்) முடிச்சுடலாம், அதுலயே மூணு பாட்டில் செய்யுற அளவுக்கு வரும். மூணு எதுக்குன்னு கீழ ஒரு தம்பிக்கு சொல்லிருக்கேன், அதையும் படிங்க.

கேள்வி: தண்ணி தெளிவா வந்தா அழுக்கு போயிடுச்சுன்னுதானே அர்த்தம், அப்புறம் ஏன் குடிக்கக் கூடாது? ஐரோப்பாவுல மணல் ஃபில்டரால காலராவையே நிறுத்தினதா என் பேத்தியோட புத்தகத்துல போட்டிருக்கே? (ஓய்வு பெற்ற வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: அண்ணே, நல்ல கேள்வி, இத யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

முதல்ல ஒரு சின்ன கணக்கு. மணல் துகள் மூணு ஒண்ண ஒண்ணு தொட்டுக்கிட்டு நிக்கும்போது நடுவுல ஒரு சந்து இருக்கும், அந்தச் சந்துல நுழையக்கூடிய உருண்டை துகளோட குறுக்களவுல சுமார் ஆறுல ஒரு பங்கு. நைஸ் மணல் 0.3 மில்லிமீட்டர்னு வெச்சா சந்து 0.05 மில்லிமீட்டருக்கு கொஞ்சம் கம்மி, அதாவது 45 மைக்ரான் சொச்சம் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). பாக்டீரியா ஒண்ணு ரெண்டு மைக்ரான்தான். கதவு அகலமா தொறந்து கெடக்குது, அது கைய வீசிக்கிட்டு நடந்து போகும். வைரஸ் அதவிட பல மடங்கு சின்னது, அதப் பத்தி பேசவே வேணாம். களிமண்ணும் ரெண்டு மைக்ரானுக்குக் கீழதான், அது மட்டும் எப்படி நிக்குதுன்னு கேப்பீங்க. சல்லடையில நிக்கிற மாதிரி நிக்கல, வளைஞ்சு வளைஞ்சு போறப்ப மணல் மேல ஒட்டிக்குது, அங்கங்க படியுது. பாட்டில்ல அந்த ஒட்டுற வேலை அரைகுறையாத்தான் நடக்கும், அதான் எவ்ளோ பண்ணாலும் ஒரு மங்கல் இருந்துக்கிட்டே இருக்கு.

இப்ப உங்க பேத்தி புத்தகத்துக்கு வர்றேன், அதுவும் நெஜம்தான். 1804-ல ஸ்காட்லாந்துல பெய்ஸ்லிங்கற ஊருல ஜான் கிப்னு ஒருத்தர் தன்னோட தொழிலுக்காக மணல்ல தண்ணி வடிகட்டி, மிஞ்சினத ஊர்க்காரங்களுக்கு வித்தாரு. 1829-ல லண்டன் செல்சியில ஜேம்ஸ் சிம்ப்சன் பெரிய அளவுல மணல் படுகை கட்டினாரு. அப்பல்லாம் கிருமியாலதான் நோய் வருதுன்னு யாருக்கும் தெளிவா தெரியாது, தண்ணி பாக்க நல்லா இருக்கணும்ங்கிறதுதான் நோக்கம். அப்புறம் 1892-ல ஜெர்மனில ஹாம்பர்க்ல காலரா வந்துச்சு பாருங்க, எட்டாயிரம் பேருக்கு மேல செத்தாங்க. ஒட்டினாப்ல பக்கத்து ஊரு அல்ட்டோனா, ரெண்டுக்கும் நடுவுல வெறும் ஒரு தெரு மாதிரி, ரெண்டு ஊரும் எல்பே ஆத்துத் தண்ணியத்தான் குடிக்குது, சொல்லப்போனா ஹாம்பர்க் சாக்கடை கலந்தப்புறம் கீழ வர்ற தண்ணிய அல்ட்டோனாகாரங்க குடிக்கிறாங்க. ஆனா அங்க காலரா பெருசா பரவல. ஏன்னா அவங்க தண்ணிய மணல்ல வடிகட்டி விட்டாங்க, ஹாம்பர்க்ல அப்படியே விட்டாங்க. காலரா கிருமிய அடையாளம் கண்ட ராபர்ட் கோக் இத வெச்சுத்தான் தண்ணி வழியாதான் பரவுதுன்னு அடிச்சுச் சொன்னாரு.

அங்க நின்ன கிருமி உங்க பேத்தி பாட்டில்ல ஏன் நிக்காது? அந்த மணல் படுகை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஆழம், தண்ணி ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் அளவுதான் இறங்கும், அவ்ளோ மெதுவு. இப்படி வாரக்கணக்குல ஓடினப்புறம் மணலுக்கு மேல பாசி மாதிரி வழவழன்னு ஒரு படலம் உக்காரும். அது உயிருள்ள படலம், அதுல இருக்குற நுண்ணுயிருங்க தண்ணியோட வர்ற கிருமிய புடிச்சு தின்னுடும். கண்ணுக்கு அசிங்கமா தெரியுற அந்த வழவழப்புதான் ஊரக் காப்பாத்தினது, சுத்தமா வெச்சுக்கிறேன்னு வாரா வாரம் சுரண்டி எடுத்திருந்தா கதை வேற. உங்க பேத்தி பாட்டில்ல தண்ணி அஞ்சு நிமிஷத்துல கீழ வந்துடுது, படலம் கட்ட எங்க நேரம்? கனடாவுல கால்கரில டேவிட் மான்ஸ்னு ஒருத்தர் 1990-கள்ல இதையே ஒரு வீட்டுக்கு ஏத்த மாதிரி சின்னதா செஞ்சாரு, கான்கிரீட் பெட்டியில மணல், எப்பவும் மணலுக்கு மேல கொஞ்சம் தண்ணி நிக்கிற மாதிரி குழாய வளைச்சு விட்டு, அந்தப் படலம் காஞ்சு சாகாம. அதுக்கும் பழக ரெண்டு மூணு வாரம் வேணும், வெளிய வர்றத அப்புறமும் குளோரின் மாதிரி எதாவது போட்டுட்டு குடிக்கத்தான் சொல்றாங்க.

தைப்பூசத்துக்கு இங்க பினாங்குக்கு வந்திருந்தீங்கன்னா தண்ணீர்மலை அருவித் தண்ணிய பாத்திருப்பீங்க, பளிங்கு மாதிரி ஓடும். அதையே யாரும் மொண்டு அப்படியே குடிக்கிறதில்ல. கொதிக்க வெச்சுதான். தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிச்சா கிருமி செத்துடும், ஆனா கொதிக்க வெச்சா கரைஞ்சிருக்கிற கெமிக்கல் போகாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கணும். 2020 செப்டம்பர்ல சிலாங்கூர்ல ஆத்துல நாத்தமடிக்கிற கழிவு கலந்து நாலு சுத்திகரிப்பு நிலையத்த மூடினாங்களே, செந்தூல் பக்கமும் வாளியோட நின்னிருப்பீங்க, பிரச்சன கிருமி இல்ல, கரைஞ்சு கெடந்த வாடை. அவ்ளோ பெரிய மணல் படுகையே அதுக்கு முன்னாடி கைய விரிச்சிடுச்சு.

கேள்வி: தண்ணி கட்டாகி திரும்ப வர்றப்ப தேத்தண்ணி கலர்ல வருது. பையன் செஞ்ச ஃபில்டர்ல ஊத்தி சமையலுக்கு எடுக்கலாமா? (குடும்பத் தலைவி, பட்டர்வொர்த்)

பதில்: எடுக்காதீங்கம்மா. அது பெரும்பாலும் குழாய்க்குள்ள படிஞ்சிருந்த துருவும் வண்டலும், தண்ணி திரும்ப வேகமா வர்றப்ப கிளம்பி வருது. முதல் பத்து நிமிஷத்து தண்ணிய வாளில புடிச்சு கக்கூஸுக்கு வெச்சுக்குங்க, தெளிஞ்சப்புறம் புடிச்சு கொதிக்க வைங்க. அன்னைக்கு ஸ்கூல் வெள்ளைச் சட்டைய மட்டும் தொவைக்காதீங்க, துருக்கறை லேசுல போகாது. வீட்டு வாசல்ல மீட்டர் பக்கத்துல ஆளுயர ஃபில்டர் மாட்டியிருந்தீங்கன்னா உள்ள இருக்குறதும் அதே மணல்தான், வாரத்துக்கு ஒருக்கா தண்ணிய தலகீழா ஓட விட்டு அலசுறோம்ல, பையன் பாட்டிலுக்கும் அதே வைத்தியம், மேல் மணல எடுத்து கழுவிப் போட்டா திரும்ப ஓடும்.

கேள்வி: சார், நான் படிவம் 1 படிக்கிறேன். வீடியோல பாத்ததத்தான் செஞ்சேன், ஆனா டீச்சர் இதுல உன் புதுமை என்னன்னு கேக்குறாங்க. என்ன சொல்றது? (மாணவன், பிறை)

பதில்: தம்பி, டீச்சர் கேட்டது நியாயம். பாட்டில்ல மணல் போடுறது உங்க அப்பா காலத்துலயே பண்ணது. நீ மூணு பாட்டில் செய். மூணுலயும் எல்லாம் ஒண்ணா இருக்கணும், ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறணும். ஒண்ணுல மணல் மட்டும், ஒண்ணுல மணலும் சாதா கரியும், ஒண்ணுல மணலும் ஆக்டிவேட்டட் கரியும். இப்ப சேத்துத் தண்ணி ஊத்து, அதுக்கப்புறம் அம்மாவோட கேசரி கலர் ஒரு சிட்டிகை கரைச்ச தண்ணிய ஊத்து. மணல் சேத்த புடிக்கும், கலர அப்படியே விட்டுடும். ஆக்டிவேட்டட் கரி கலர இழுத்துக்கும், மெதுவா ஊத்தினா இன்னும் நல்லா இழுக்கும். அதப் பாக்குறப்ப உனக்கே ஒரு சந்தோஷம் வரும் பாரு.

"தெளிவா இருக்கு"ன்னு சொன்னா ஜட்ஜ் ஒத்துக்க மாட்டாரு, அளந்து காட்டணும். நீளமான கண்ணாடி கிளாஸ் ஒண்ணு எடு, கீழ பேப்பர்ல கருப்புப் பேனாவால ஒரு பெருக்கல் குறி போடு, மேல இருந்து பாத்துக்கிட்டே தண்ணிய ஊத்து, குறி மறையுற எடத்துல நிறுத்தி எத்தன சென்டிமீட்டர்னு ரூலர்ல பாத்து எழுது. சேத்துத் தண்ணின்னா ரெண்டு மூணுலயே மறைஞ்சிடும். 500 மில்லி இறங்க எத்தன நிமிஷம்னு போன்ல டைம் வெச்சுக்க. ஒவ்வொண்ணும் மூணு தடவ. வேகமா இறங்குறது தெளிவா வராது, தெளிவா வர்றது வேகமா இறங்காது, அந்த இழுபறிதான் உன் ப்ராஜெக்ட்டே.

இன்னும் வித்தியாசமா வேணும்னா படிகாரத்துக்குப் பதிலா முருங்க விதை. பச்ச காய் ஆகாது, மரத்துலயே முத்தி காஞ்சு வெடிச்ச காய்ல இருந்து விதைய எடுத்து, தோல உரிச்சு உள்ள இருக்குற வெள்ளப் பருப்ப இடிச்சு, லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு விதை கலக்கி ரெண்டு மணி நேரம் விடு. அதுல ஒரு புரதம் இருக்கு, படிகாரம் பண்ற அதே வேலைய பண்ணும். ஊர்ல நம்ம கெழவிங்க கலங்கத் தண்ணிப் பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய தேச்சது இதுக்குத்தான். என்ன, முருங்க விதை போட்ட தண்ணிய ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது, விதையோட சத்து தண்ணியில நிக்குறதால வாடை அடிக்க ஆரம்பிச்சிடும், போட்டிக்கு முந்தின நாள் செஞ்சுக்க. இதையும் குடிக்காத.

கேள்வி: கடல் தண்ணிய ஊத்தினா உப்பு போயிடுமா? (பாயான் லெப்பாஸ்)

பதில்: போகாது. ஒரு லிட்டர் கடல் தண்ணியில சுமார் 35 கிராம் உப்பு கரைஞ்சு கெடக்கு, கரைஞ்ச உப்ப மணலாலயும் புடிக்க முடியாது கரியாலயும் புடிக்க முடியாது.

கேள்வி: ப்ராஜெக்ட் முடிஞ்சுருச்சு. அந்த ஆக்டிவேட்டட் கரிய கழுவி வெயில்ல காய வெச்சு அடுத்த வருஷம் தங்கச்சிக்கு யூஸ் பண்ணலாமா? (ஜெலுத்தோங்)

பதில்: சிக்கனம் புடிச்சிருக்கு, ஆனா நடக்காது. ஓட்டைக்குள்ள போய் ஒட்டுனது குழாய் தண்ணிக்கும் வெயிலுக்கும் வெளிய வராது, ஃபேக்டரில நூத்துக்கணக்கான டிகிரி சூடு காட்டித்தான் வரவைப்பாங்க. மணலையும் கல்லையும் கழுவி காய வெச்சு டப்பாவுல கட்டி வை, தங்கச்சிக்கு ஆகும். கரிய பூச்சட்டி மண்ணுல கலந்துடு, கேசரி கலர்தானே, செடி ஒண்ணும் சொல்லாது.